குடும்பப் பெயருக்கான கட்டம்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
15 ஜூன் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜானவியின் நமஸ்காரங்கள். நானும் அம்மாவும் நலம். எறணாகுளத்துச் சாப்பாடு உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நீயே கேளேன் என்றேன். "நீதான் எழுதறயே, அதுலயே சேர்த்துக்கோ" என்றாள்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். ஃபோனில் "சாப்டியா, படிச்சியா" என்று இரண்டு கேள்வியோடு வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அம்மா வேலை பார்க்கும் தபாலாபீஸிலேயே போடுவதால் அன்றைய பையிலேயே கிளம்பியும் விடும்.

இங்கே மழை விடவில்லை. வெள்ளிக்கிழமை பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் முழங்கால் அளவு தண்ணீர். பஸ் கண்டக்டர் என்னிடம், "மோளே, நீந்தான் அறியுமெங்கில் இவிடெ இறங்கிக்கோ" என்றார். நீந்தத் தெரிந்தால் இறங்கலாமாம். பஸ்ஸே சிரித்தது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வழக்கைப் பற்றி நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். தப்பாக இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்புங்கள். இந்தத் தண்ணீர் வடிய கோட்டையைச் சுற்றிப் புது ஓடை கட்டப்போகிறார்கள். ஒரு வெளிநாட்டு வங்கி அதற்குக் கடன் தருகிறது. உங்கள் கம்பெனி டெண்டர் போட்டது. விலைக் கவரைப் பிரிக்கும் முன்பே, பேப்பர் சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள். உங்கள் முதலாளி தாணுலிங்கம் சார் ஹைகோர்ட்டுக்குப் போனார். விசாரித்து முடியும்வரை யாருக்கும் வேலையைக் கொடுக்காதே என்று கோர்ட்டு தடை போட்டிருக்கிறது. பேப்பர்களைத் தயாரித்த என்ஜினீயர் நீங்கள் என்பதால் வக்கீலுக்கு உதவ அங்கே தங்கியிருக்கிறீர்கள். ஜெயித்தால் இந்த வேலைக்கு நீங்கள்தான் சைட் என்ஜினீயர், வீட்டிலிருந்து நடந்தே போகலாம். தோற்றால் தாணுலிங்கம் சார் இங்குள்ள ஆபீஸை மூடிவிட்டு உங்களை ஒடிஷாவுக்கு அனுப்பிவிடுவார். சரிதானே?

அதனால் நாம் ஜெயிக்கத்தான் வேண்டும்.

பிப்ரவரியில் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் ஒற்றை விரலால் தட்டினால் ஓணம் வந்துவிடும் என்று நான் லாப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டேன். பேர், விலாசமெல்லாம் நான் நிரப்பினேன், நீங்கள் கணக்குப் பக்கங்களைப் பார்த்தீர்கள். "அப்பா, இவா குடும்பப் பேர்னு தனியா ஒரு கட்டம் கேக்கறா" என்றேன். "எழுது, எழுது. உனக்குத் தெரியாததா" என்றீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாக ஒரு பெரிய வேலையில் பங்கு இருப்பதாகத் தோன்றியது.

எந்தப் பேப்பர் சரியில்லை என்றார்கள்? அம்மாவுக்குத் தெரியாதாம்.

பதிலை எதிர்பார்த்து ஒவ்வொரு மாலையும் அம்மாவின் பையைப் பார்க்கும்,
உங்கள் ஜானவி


எறணாகுளம்
24 ஜூன் 2025

சிரஞ்சீவி ஜானுக்குட்டிக்கு,

அப்பாவின் ஆசிகள். நான் சௌக்கியம். வயிறும் சௌக்கியம் என்று அம்மாவிடம் சொல். நீ எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை, அதனால் சிவப்பு மை செலவாகவில்லை.

தங்கியிருக்கும் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். காலையில் கோர்ட்டு வராந்தாவில் போய் நிற்பேன். நம் வழக்கு வரிசையில் நாற்பதாவதாக இருக்கும், முப்பத்தைந்தோடு நாள் முடிந்துவிடும். வக்கீல் பெயர் லிபி. இளம் பெண், கெட்டிக்காரி. அறுபத்துமூவர் மாதிரி அறுபத்து மூன்று படிவங்களையும் வரிசை மாறாமல் மனப்பாடமாகச் சொல்கிறார்.

எந்தப் பேப்பர் என்று கேட்டிருந்தாய். ஏதோ ஒன்றில் சின்னக் கோளாறு. பெரிய விஷயம் இல்லை. நீ பிளஸ் ஒன் பாடத்தைப் பார்.

மழையில் நனையாதே. அம்மாவுக்குத் துணையாக இரு.

எச். ஸ்ரீகண்டன்


ஸ்ரீவராகம்
6 ஜூலை 2025

அன்புள்ள அப்பா,

நமஸ்காரம். உங்கள் கடிதம் வந்த அன்று வீட்டில் எல்லோரும் சௌக்கியமானோம். எல்லோரும் என்றால் இரண்டு பேர்தான்.

ஒரு சண்டை. மகளுக்கு எழுதும் கடிதத்தில்கூட "எச்." வேண்டுமா? நான் என்ன வங்கியா? அம்மாவிடம் காட்டினேன். "அவர் கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதினதுலயும் எச் இருந்தது" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

நேற்று பாளையம் பப்ளிக் லைப்ரரிக்குப் போனேன். டெண்டர் வழக்குகளைப் பற்றி ஒரு தடிமனான புத்தகம் கிடைத்தது. பாதி புரியவில்லை. புரிந்த பாதியை என் மொழியில் சொல்கிறேன்.

பரீட்சைப் பேப்பரில் மறுகூட்டல் உண்டு, மறுமதிப்பீடும் உண்டு அல்லவா? மறுமதிப்பீட்டில் வேறொரு டீச்சர் விடையைப் புதிதாகப் படித்து மார்க் போடுவார். மறுகூட்டலில் யாரும் விடையைப் படிப்பதில்லை. எல்லாப் பக்கத்தையும் திருத்தினார்களா, கூட்டல் சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். டெண்டர் வழக்கில் கோர்ட்டு செய்வது மறுகூட்டல்தான். எடுத்த முடிவு சரியா என்று கேட்காது. முடிவெடுத்த விதம் நேர்மையானதா, எல்லோருக்கும் ஒரே விதியா, வேண்டுமென்று யாரையாவது ஒதுக்கினார்களா என்றுதான் கேட்கும். வெளிநாட்டுக் கடன் என்றால் கடன் கொடுத்தவர்களின் விதிப் புத்தகத்தையும் மதிக்கும், வேலை தாமதமானால் ஊருக்கு என்ன ஆகும் என்றும் யோசிக்கும்.

படித்து முடித்ததும் கொஞ்சம் பயமாக இருந்தது. நம் விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறதே.

பஸ்ஸில் வரும்போது நான் நிரப்பிய பக்கங்களை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தேன். விலாசத்தில் பின்கோடு சரி, தேதிகள் சரி. என் பக்கத்தில் ஒரு தப்பும் இல்லை. அதனால் எந்தப் பேப்பர் என்று இனியாவது சொல்லுங்கள். சேர்ந்து யோசிக்கலாம்.

சுவரைப் பார்க்கும் உங்கள் ஜன்னலுக்கும் என் விசாரிப்பு.

ஜானவி


ஸ்ரீவராகம்
27 ஜூலை 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். மூன்று வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று ஃபோனில் சொன்னீர்கள். ஆனாலும் அம்மாவின் பையைப் பார்க்கும் பழக்கம் போகவில்லை.

செண்பகவல்லியை உங்களுக்குத் தெரியும். என் வகுப்பு, தென்காசிப் பக்கத்துக்காரி. அவள் அப்பா செல்வமணி பழவங்காடியில் ஹோட்டலில் மாஸ்டர். ஓடையை ஒட்டித்தான் அவர்கள் வீடு. புதன்கிழமை மழையில் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அவளுடைய கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் நோட்டு முழுக்கக் கரைந்துபோயிற்று. வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள்.

"ஏட்டி, ஒங்க அப்பா கேஸு போட்டதுனாலதான ஓடை வேல நிக்கி?"

"அப்பா போடலைடி, கம்பெனி போட்டது."

"கம்பெனியோ கிம்பெனியோ. ஒங்க தெருவுல தண்ணி வடிஞ்சிரும். எங்க கட்டிலு மெதக்கு."

நியாயம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக யாருக்கும் உரிமை உண்டு என்று சொல்லியிருக்கலாம். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த நோட்டிலிருந்து நீல மை என் மேஜையில் சொட்டிக்கொண்டிருந்தது. இப்போது அவள் என் பக்கத்தில் உட்கார்வதில்லை. நான் அவளுக்காக ரெக்கார்டைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அம்மா எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிடுகிறாள். வீட்டில் மூன்று நாற்காலி இருக்கிறது. ஒன்றில் இப்போது துணி மடித்து வைக்கிறோம்.

ஜெயித்துவிடுவோம்தானே அப்பா?

உங்கள் எழுத்தைப் பார்க்கக் காத்திருக்கும்,
ஜானவி


எறணாகுளம்
2 ஆகஸ்ட் 2025

ஜானுக்குட்டிக்கு ஆசிகள்.

சௌக்கியம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பிரமாண வாக்குமூலம் தயாரிக்கும் வேலை. நேற்று லிபி வக்கீல் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டார். நானும் ஒரே பதிலை மூன்று தடவை சொன்னேன். தாணுலிங்கம் முதலாளி நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தார். "வே, யோசிச்சிச் சொல்லும்" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது?

செண்பகவல்லியிடம் கோபப்படாதே. கட்டில் மிதந்தால் யாருக்கும் கோபம் வரும். அந்த ரெக்கார்டை முழுசாக எழுதிக் கொடுத்துவிடு.

நாற்காலியில் துணி வைக்கலாம், தப்பில்லை. ஆனால் இஸ்திரி போட்டதை மட்டும் வை, கசங்கும்.

எச். ஸ்ரீகண்டன்


ஸ்ரீவராகம்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். இங்கு எல்லோரும் நலம்.

லைப்ரரியில் பேப்பர் பார்த்தேன். வழக்கைப் பற்றி ஐந்து வரி வந்திருந்தது. கையெழுத்துப் போட அதிகாரம் பெற்றவர் பெயர் ஒன்று, படிவத்தில் உள்ள பெயர் வேறொன்று என்பதால் டெண்டர் தள்ளப்பட்டதாம். "மகன் போட்ட டெண்டரில் அப்பாவின் பேர்" என்று தலைப்பு.

மழை குறைந்திருக்கிறது. செண்பகவல்லியின் ரெக்கார்ட் முடிந்துவிட்டது. பரீட்சை வருகிறது, அதனால் நிறைய எழுத முடியவில்லை.

ஜானவி


எறணாகுளம்
28 ஆகஸ்ட் 2025

என் ஜானுக்குட்டிக்கு,

ஆசிகள் பல. உனக்கு உடம்பு சரியில்லையா? நான்கு பக்கம் எழுதுகிறவள் எட்டு வரியில் முடித்திருக்கிறாய். அம்மாவைக் கேட்டேன், "படிக்கறா, படிச்சிண்டே இருக்கா" என்றாள்.

பேப்பரில் வருவதையெல்லாம் நம்பாதே. தலைப்பு வேண்டுமே, அவர்களுக்கு.

விசாரணை நேற்று முடிந்தது. ஜட்ஜ் நல்ல மனிதர். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இறந்துபோன ஒருவர் எப்படி டெண்டர் போட்டார் என்று கேட்டார், கோர்ட்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஜட்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கும் இரண்டு இனிஷியல் இருக்கிறது. ஒன்று ஊர், ஒன்று அப்பா. விமானத்தில் போனால் என் அப்பாவைத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்" என்றார். நம்பிக்கை வைக்கலாம் என்று லிபி சொல்கிறார். தீர்ப்பு பிறகு வரும்.

ஓணத்துக்கு வர முடியாது போலிருக்கிறது. தீர்ப்பு வந்ததும் வருகிறேன்.

நன்றாகச் சாப்பிடு. நீ ஒன்றும் யோசிக்காதே. ஒன்றும் என்றால் ஒன்றும்.

எச். ஸ்ரீகண்டன்


ஸ்ரீவராகம்
12 அக்டோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். ஒடிஷாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னாள் அம்மா. நீங்கள் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடி உறையைத் தனியாக அனுப்புகிறாள்.

தீர்ப்புக்குப் பிறகு நீங்கள் வந்து ஒன்றரை நாள் இருந்தீர்கள். பெட்டி கட்டினீர்கள். கொலுவில் ஒரு பொம்மை சாய்ந்திருந்ததை நிமிர்த்தினீர்கள். எனக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு வேளை சாப்பிட்டீர்கள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் நான் சொல்ல நினைத்தேன். நீங்கள் ஒவ்வொரு தடவையும், "மோர் விட்டுக்கறியா?" என்று கேட்டீர்கள். ரயில் கிளம்பியதும் எனக்கு அழுகை வந்தது. அம்மா பிளாட்ஃபாரத்தில் என் பையை வாங்கிக்கொண்டாள்.

வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன். குடும்பப் பெயருக்கான கட்டத்தில் ஹரிஹரன் என்று தாத்தாவின் பேரைத் தட்டியது நான்தான். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, காலியாக விட்டிருக்கலாம், உங்களைக் கேட்டிருக்கலாம். வெளிநாட்டுக்காரர்கள் இனிஷியலை விரித்துத்தான் எழுதுவார்கள் என்று எங்கோ படித்ததை வைத்துக்கொண்டு எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன். அந்த இணையதளம் அதைத் திருப்பி "ஹரிஹரன் எஸ்." என்று அச்சடித்துவிட்டது. அதிகாரம் கொடுத்த பத்திரத்தில் எச். ஸ்ரீகண்டன், படிவத்தில் ஹரிஹரன் எஸ். பார்க்கிறவர்களுக்கு வேறு ஆள். நம் வீட்டில் மாலை போட்ட படத்தில் இருக்கும் ஆள்.

ஆகஸ்டில் அந்த ஐந்து வரியைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கு டெண்டரைத் தள்ளிய மே மாதமே தெரியும்.

தீர்ப்பை ஹைகோர்ட்டு இணையதளத்தில் மூன்று தடவை படித்தேன். முப்பத்தோரு பக்கம். பதினான்காவது பத்தியில் நீங்கள் இருக்கிறீர்கள். "படிவத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் நானே பொறுப்பு, வேறு யாருடைய பங்கும் இதில் இல்லை" என்று எச். ஸ்ரீகண்டன் வாக்குமூலம் தந்திருக்கிறாராம். அதற்கு அடுத்த பத்தி: உதவியாளர் எவரோ கைதவறித் தட்டியது என்று மனுதாரர் சொல்லியிருந்தால், அதை வெறும் எழுத்துப் பிழையாகக் கருத முடியுமா என்று யோசித்திருக்கலாம், பொறுப்பான என்ஜினீயரே தானே செய்ததாகச் சொல்லும்போது அதற்கு இடமில்லை.

லிபி வக்கீல் மூன்று தடவை கேட்ட கேள்வி எது என்று அப்போதுதான் புரிந்தது. "சாரே, இது ஆரா டைப் செய்தது?" இப்படித்தானே கேட்டிருப்பார்? என் பெயரைச் சொல்லியிருந்தால் நான் வந்து சாட்சி சொல்லியிருப்பேன் அப்பா. எனக்குப் பயம் இல்லை. அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் ஆகஸ்டிலிருந்து நான் வாய் திறக்கவில்லை. அதனால் பயம் இருந்திருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் ஜட்ஜ் எழுதியிருப்பது: இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்பது தனக்குத் தெரியும், ஆனால் தனக்கு என்ன தெரியும் என்பது இங்கே கேள்வி இல்லை, விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கமிட்டி அப்படி முடிவெடுத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி, முடியும், எல்லா டெண்டரையும் ஒரே விதியால்தான் அளந்திருக்கிறார்கள், கடன் கொடுத்தவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், இன்னொரு மழைக்காலம் வரை ஊர் காத்திருக்க முடியாது. மறுகூட்டல். கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. அவர் மேல் கோபம்கூட வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

ஜானவி


ஸ்ரீவராகம்
9 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். உங்கள் நலத்தை ஃபோனில் அம்மா கேட்டுக்கொண்டதை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டேன். என் கடிதம் வந்து சேர்ந்ததா என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அனுப்பியதற்குப் பதிவுச் சீட்டு அம்மாவிடம் இருக்கிறது.

ஓடை வேலை ஆரம்பித்துவிட்டது. வேறு கம்பெனியின் மஞ்சள் இயந்திரம் தினமும் தோண்டுகிறது. பள்ளிக்கூடம் போகும்போது தடுப்புத் தகரத்தின் இடைவெளியில் எட்டிப் பார்ப்பேன். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு என்ஜினீயர் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் நிற்கும் இடம் உங்களுடையது.

செண்பகவல்லி மறுபடி என் பக்கத்தில் உட்கார்கிறாள். நேற்று அந்தத் தகரத்தருகே என்னோடு நின்றாள். "ஒங்க அப்பா ஊருக்கு எப்ப வருவாவ?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "எங்கப்பாவும் சின்னதுல எங்கள உட்டுட்டு இங்கதான் கெடந்தாவ" என்றாள். ஐப்பசித் துலாமழை மறுபடி தூற ஆரம்பித்தது.

ஒரு உதவி. அகில இந்தியக் கட்டுரைப் போட்டிக்குப் பள்ளியிலிருந்து என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். படிவத்தின் நகலை வைத்திருக்கிறேன். எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன். குடும்பப் பெயருக்கான கட்டம் மட்டும் காலி. மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். பென்சிலால்கூட நான் எதுவும் எழுதவில்லை. நீங்கள் சொல்கிறபடி எழுதுகிறேன்.

ஜானவி


ரூர்கேலா, ஒடிஷா
18 நவம்பர் 2025

என் ஜானுக்குட்டிக்கு,

மனம் நிறைந்த ஆசிகள். நான் சௌக்கியம், குளிர் ஆரம்பித்துவிட்டது. கண்ணாடி உறை வந்தது. அதற்குள் அம்மா கொஞ்சம் விபூதியும் வைத்திருந்தாள், கண்ணாடி முழுக்கப் பக்தி.

இரண்டு கடிதமும் வந்தன. அக்டோபர் கடிதத்தை நிறையத் தடவை படித்தேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

இங்கே சைட்டில் தமிழ் பேச ஆள் இல்லை. சமையல்காரர் பருப்பில் சர்க்கரை போடுகிறார். மாலையில் வேலை முடிந்ததும் தண்டவாளம் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்புவேன். தெற்கே போகும் வண்டி ஒன்று ஐந்தே முக்காலுக்குப் போகிறது. அதன் கடைசிப் பெட்டி கண்ணிலிருந்து மறைந்ததும் அறைக்கு வந்துவிடுவேன்.

வந்த முதல் நாள் கேட் பாஸ் கொடுத்தார்கள். எழுதிக் கொடுப்பவர், "பூரா நாம் போலியே" என்று முழுப் பெயரைக் கேட்டார். எச். ஸ்ரீகண்டன் என்றேன். எச் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் தன் வழக்கப்படி தாத்தா பேரைப் பின்னால் போட்டு எழுதிவிட்டார். திருத்தச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு வேண்டாம் என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஒன்றரை மாதமாக அதைக் காட்டித்தான் வாசலைத் தாண்டுகிறேன். ஒருவரும் தடுக்கவில்லை.

உன் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதே. ஸ்ரீகண்டன் என்று எழுது. பேனாவாலேயே எழுது. என்னிடம் காட்ட வேண்டாம், நேராக அனுப்பிவிடு.

சங்கராந்திக்கு லீவு கேட்டிருக்கிறேன். கொடுப்பார்களா என்று தெரியவில்லை. அதுவரை துணியை நாற்காலியிலேயே வைத்திருங்கள்.

ஆசிகளுடன், உன் அப்பா,
ஸ்ரீகண்டன் ஹரிஹரன்